நடுக்கடலில் கப்பல் திடீரென்று சாய்ந்தது: அம்மா கேட்கிற கேள்விக்கு விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்

கல்யாணி_நியூஜெர்சி

வணக்கம். இந்தப் பகுதியில் முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அப்பா, அம்மா, நாங்கள் நாலு பேர் என்று குடும்பமாக ஃப்ளோரிடாவிலிருந்து ஏழு நாள் கப்பல் பயணம் போனோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். பதினாலாம் தளத்தில் பஃபே. அம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் முதலில் கவனித்தது அந்த டீயைத்தான். கோப்பை அசையவில்லை, உள்ளே இருந்த டீ மட்டும் ஒரு பக்கமாக ஏறி நின்றது. என்ன இது என்று யோசிப்பதற்குள் மேசை மேல் இருந்த தட்டு, கரண்டி எல்லாம் வழுக்கிப் போக ஆரம்பித்தன. அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியும் அவரோடு சேர்ந்தே போனது. "முருகா" என்று ஒரே ஒரு தடவைதான் சத்தம் கேட்டது. அடுத்து அவரைப் பார்த்தபோது கண்ணாடிச் சுவரோரம் கிடந்தார், அவர் மேல் இன்னும் இரண்டு நாற்காலிகள். சமையல் பக்கம் அடுக்கி வைத்திருந்த தட்டுகள் உடைகிற சத்தம் நிற்கவே இல்லை.

அப்பா தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கப்பல் மெதுவாக நிமிர்ந்தது. மொத்தமே ஒரு நிமிஷம் இருக்குமோ என்னவோ. பத்து நிமிஷம் கழித்து, பலத்த காற்று அடித்ததால் சாய்ந்தது, பயப்பட ஒன்றுமில்லை என்று கேப்டன் அறிவித்தார். அம்மாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

இப்போது வீட்டில் தினமும் இதே பேச்சுதான். "இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் கவிழ்ந்திருக்குமா?" என்று அம்மா கேட்கிறார். அடுத்த வருஷம் அப்பாவுக்கு எழுபது. பீமரத சாந்தி முடிந்ததும் மறுபடி ஒரு கப்பல் பயணம் என்று தங்கை முன்பணம் கட்டிவிட்டாள். அப்பா போகலாம் என்கிறார், அம்மா மாட்டேன் என்கிறார். நான் அம்மாவிடம் என்ன சொல்வது?

சிங்கை_பாலா

அக்கா, அம்மா சீக்கிரம் குணமாகட்டும். நான் எட்டுத் தடவை கப்பலில் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை. கப்பலில் போவதைவிட ஏர்போர்ட்டுக்குக் காரில் போவதுதான் ஆபத்து. அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். மிகவும் அபூர்வமாக நடப்பது இது.

கல்யாணி_நியூஜெர்சி

தம்பி, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் அபூர்வம் என்பது கை உடைந்தவரிடம் சொல்கிற பதில் இல்லை. அவர் கேட்பது வேறு. கவிழுமா, கவிழாதா?

பழைய_சீஃப்_ஆபிசர்

தங்கச்சி, நான் தூத்துக்குடி. 29 வருஷம் கப்பலில் இருந்தேன், பெரும்பாலும் சரக்குக் கப்பல், பயணிகள் கப்பலில் இரண்டு கான்ட்ராக்ட் மட்டும். அம்மாவிடம் நேராகவே சொல்லுங்கள்: அந்தச் சாய்வில் கப்பல் கவிழ்ந்திருக்காது. அதற்கு வெகுதூரம் இருந்தது.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை அம்மா பார்த்திருப்பார். படுக்கவைத்துக் கையை எடுத்தால் தானே எழுந்துகொள்ளும், ஏனென்றால் கனமெல்லாம் அடியில். கப்பலும் கிட்டத்தட்ட அப்படித்தான். எஞ்சின், எண்ணெய்த் தொட்டிகள், கப்பல் நிலையாக நிற்பதற்காக அடியில் நிரப்புகிற பாலஸ்ட் தண்ணீர் எல்லாம் நீர்மட்டத்துக்குக் கீழே. மேலே அடுக்குமாடி மாதிரி தெரிகிறதே, அதில் பெரும்பகுதி வெறும் அறையும் காற்றும்தான். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து உடல் கூடுதலாகத் தண்ணீரில் அமுங்குகிறது. அமுங்கிய பகுதியைத் தண்ணீர் மேலே தள்ளுகிறது. அதுதான் நிமிர்த்துகிற சக்தி. சாய்வு கூடக் கூட ஒரு கட்டம் வரைக்கும் இந்தச் சக்தியும் கூடிக்கொண்டே போகும்.

அப்படியானால் அவ்வளவு தூரம் ஏன் சாய்கிறது என்று கேட்பீர்கள். இதைப் பயணிகளிடம் யாரும் சொல்வதில்லை. நிமிர்கிற சக்தி மிக அதிகமாக இருக்கும் கப்பலை நாங்கள் 'ஸ்டிஃப்' என்போம். அது வெடுக் வெடுக்கென்று ஆடும், அதில் நின்று ஒரு வாய் சோறு சாப்பிட முடியாது. பயணிகள் கப்பலை வேண்டுமென்றே கொஞ்சம் மென்மையாக, மெதுவாக ஆடும்படி கட்டுகிறார்கள். மெதுவாக ஆடுகிற கப்பல் ஒரு பக்கம் போனால் நிதானமாகத்தான் திரும்பி வரும். அந்த நிதானம்தான் அம்மாவுக்குக் கவிழப்போகிற மாதிரி தெரிந்திருக்கும்.

காற்று என்று கேப்டன் சொன்னதும் நம்பக்கூடியதே. 300 மீட்டர் நீளம், 50 மீட்டர் உயரம் என்று வைத்தால், காற்றுக்கு அது 15,000 சதுர மீட்டர் பாய். 2019 மார்ச் 3 அன்று நியூயார்க்கிலிருந்து ஃப்ளோரிடா போய்க்கொண்டிருந்த நார்வீஜியன் எஸ்கேப் கப்பலைச் சுமார் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் வீசிய காற்று சாய்த்தது. அதிலும் ஆட்கள் காயப்பட்டார்கள், கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் காற்றோ அலையோ இல்லாமலும் கப்பல் சாயும். அதைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன், கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டிய விஷயம்.

மீனலோசனி

நான் எலும்பு சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். கல்யாணி, அம்மா விரல்களை அசைக்கிறாரா? கட்டுக்கு வெளியே இருக்கிற விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள், தோளையும் முழங்கையையும் சும்மா வைக்க வேண்டாம். இந்த வயதில் கட்டுப் பிரித்ததும் தோள் இறுகிப்போய் வருகிறவர்கள் நிறைய. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யட்டும். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் ஒன்று எடுத்துவிடுங்கள்.

பழைய_சீஃப்_ஆபிசர்

சொன்னபடி எழுதுகிறேன். கிரௌன் பிரின்சஸ், 2006 ஜூலை 18. ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத புதுக் கப்பல். ஃப்ளோரிடாவில் போர்ட் கேனவரலிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பியது. பயணிகளும் பணியாளர்களுமாக 4,500 பேருக்கு மேல். பிற்பகல் மூன்றரை மணி வாக்கு, நல்ல வெளிச்சம். துறைமுகத்தை விட்டு இன்னும் அதிக தூரம் போகவில்லை, வேகம் 20 நாட்.

கப்பல் தானியங்கி முறையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் குறைந்த கடலில் வேகமாகப் போனால் சுக்கானுக்குக் கப்பல் சரியாகக் கட்டுப்படாது, தலை இப்படியும் அப்படியும் அலையும். அன்றைக்கு அந்த அலைச்சல் இருந்தது. கேப்டனும் அவருக்கு அடுத்த ஸ்டாஃப் கேப்டனும் கருவியில் அமைப்புகளை மாற்றிப் பார்த்தார்கள். அலைச்சல் அடங்கும் முன்பே இரண்டு பேரும் பிரிட்ஜை, அதாவது கப்பலை ஓட்டுகிற அறையை விட்டுப் போய்விட்டார்கள். பொறுப்பு இரண்டாம் அதிகாரியிடம் வந்தது.

கப்பல் இடது பக்கம் வேகமாகத் திரும்புவதை அவர் பார்த்தார். தானியங்கியை விடுவித்துச் சக்கரத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதை வலது பக்கம் திருப்பியிருக்க வேண்டும், இடது பக்கமே திருப்பினார். சாய்வு கூடியது. பதற்றத்தில் வலம், இடம், மறுபடி வலம் என்று பல தடவை சுழற்றினார். கப்பல் 24 டிகிரி சாய்ந்தது.

டவுன் பஸ் ரவுண்டானாவில் வேகமாகத் திரும்பும்போது நிற்கிறவர்கள் வெளிப்பக்கம் தள்ளப்படுவார்கள் இல்லையா, அதே கதைதான். 36 மீட்டர் அகலமுள்ள கப்பல் 24 டிகிரி சாய்ந்தால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் உயர வித்தியாசம் 14 மீட்டருக்கு மேல் வரும். நாலு மாடி. நீச்சல் குளத்துத் தண்ணீர் குளத்தில் நிற்குமா? 14 பேருக்குப் பலத்த காயம், 284 பேருக்குச் சிறு காயம். ஒருவரும் சாகவில்லை. கப்பல் தானே நிமிர்ந்தது, தன் எஞ்சினிலேயே துறைமுகம் திரும்பியது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. இரண்டாம் அதிகாரியின் தவறான சக்கர அசைவுகள்தான் காரணம் என்று சொன்னது. அதோடு விடவில்லை. அலைச்சலைச் சரிசெய்யாமல் போன மூத்தவர்கள் இருவரையும், அந்தக் கருவியில் கொடுக்கப்பட்ட பயிற்சி போதாததையும் சேர்த்தே சொன்னது. எனக்கு அந்த இரண்டாம் அதிகாரியை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. அந்த மாதிரி வாட்சில், பிரிட்ஜில் பொறுப்பேற்று நிற்கிற முறையில், நானும் நின்றிருக்கிறேன். கப்பல் உன் கையை மீறிப் போகிறது என்று தெரிகிற முதல் அஞ்சு நொடியில் கை என்ன செய்யும் என்பதைப் பயிற்சிதான் முடிவு செய்யும். அந்தப் பயிற்சியை அவருக்குக் கொடுக்காமல் கப்பலைக் கொடுத்தார்கள்.

ராஜா_ஹூஸ்டன்

கல்யாணி, ஒரு அவசர விஷயம். டிக்கெட்டோடு வந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து போகிற கப்பல்களின் ஒப்பந்தத்தில் பொதுவாக, காயம் பட்டால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று இருக்கும். இதைவிடக் குறைவான கெடு வைக்கச் சட்டம் அனுமதிக்காது, அதனால் பெரும்பாலும் இந்தக் கெடுதான். எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் அவர்களே எழுதியிருப்பார்கள், அது செல்லும் என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கப்பல் மருத்துவரிடம் வாங்கிய சீட்டு, பில், அன்றைக்கு எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். விமானத்துக் கறுப்புப் பெட்டி மாதிரி கப்பலிலும் பதிவுக் கருவி உண்டு. காற்றா, சுக்கானா என்பது அதில் இருக்கும்.

கல்யாணி_நியூஜெர்சி

ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்றுதான் போட்டிருக்கிறது. நன்றி அண்ணா, இந்த வாரமே எழுதி அனுப்புகிறோம். சீஃப் ஆபிசர் ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பையன் பாவம்" என்றார். அப்புறம் ஒரு கேள்வி: "அப்படியானால் கவிழ்கிற கப்பல் எப்படித்தான் கவிழ்கிறது?"

பழைய_சீஃப்_ஆபிசர்

நல்ல கேள்வி. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி இரண்டு கையாலும் தூக்கி நடக்கச் சொல்லுங்கள். லேசாகச் சரிந்தாலும் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடி இன்னும் சரிக்கும். கப்பலுக்குள் தண்ணீர் புகுந்து அகலமான தளத்தில் பரவினால் அதுதான் நடக்கிறது. 1987 மார்ச் 6, பெல்ஜியத்தின் ஜீப்ரக துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ். வண்டிகள் ஏறுகிற முன்கதவை மூடாமலே போனார்கள். சில நிமிஷத்தில் கவிழ்ந்தது, 193 பேர் இறந்தார்கள்.

காற்றாலோ திருப்பத்தாலோ சாய்வதை 'ஹீல்' என்போம், காரணம் நீங்கினால் கப்பல் நிமிரும். உள்ளே தண்ணீர் புகுந்தோ சரக்கு நகர்ந்தோ சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றால் அது 'லிஸ்ட்'. அம்மா பார்த்தது ஹீல். பயப்பட வேண்டியது லிஸ்ட்.

மோல்டே_சிவா

நான் நோர்வேயில் மோல்டேயில் இருக்கிறன். இந்த இழையை வாசிக்க வைகிங் ஸ்கை ஞாபகம் வந்தது. 2019 மார்ச் 23, சனிக்கிழமை. எங்கள் பக்கத்தில் ஹுஸ்டாட்விகா எண்டு ஒரு கடற்பகுதி, பாறைகள் நிறைந்த ஆழங்குறைந்த இடம், மீனவர்களே காற்று நாளில் போக மாட்டார்கள். அதில் புயலுக்குள் கப்பலின் எஞ்சின்கள் எல்லாம் நின்றுவிட்டன. 1,373 பேர் உள்ளே. காரணம் பிறகு தெரிய வந்தது: எஞ்சினுக்கான மசகெண்ணெய் இருக்கவேண்டிய அளவைவிட மிகக் குறைவாக இருந்திருக்கிறது. கப்பல் உருண்டபோது பம்புகள் எண்ணெயை இழுக்க முடியாமல் எஞ்சின்கள் தாமாகவே நின்றன. பாறையில் ஏறுவதற்கு ஒரு கப்பல் நீளம் கூட மிச்சம் இருக்கவில்லை, அவ்வளவு கிட்டவாகப் போய்த் தப்பியது.

அன்று இரவு முழுக்க எங்கள் வீட்டுக்கு மேலால் ஹெலிகொப்டர் சத்தம். ஒவ்வொரு ஆளாகக் கயிற்றில் தூக்கி 479 பேரை எடுத்தார்கள். கூடுதலும் வயதானவர்கள். மிச்சப் பேரோடு கப்பல் அடுத்த நாள் பின்னேரம் மோல்டேக்கு வந்தது, துறைமுகத்தில் போய்ப் பார்த்தேன். இறங்கி வந்த ஒரு கிழவி கால் செருப்பில்லாமல் காலுறையோடு நடந்தார். ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டே போனார், அவருக்கு அந்த ஆளை முன்பின் தெரிந்திருக்காது.

உள்ளே தளபாடங்கள் அங்கும் இங்கும் ஓடியதும், கூரைத் தகடுகள் தலையில் விழுந்ததும் வீடியோவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கல்யாணியின் அம்மாவுக்கு நடந்ததும் அதுதான். ஒரு பெரிய பூச்சட்டியை நிலத்தோடு பிணைக்காமல் வைத்தவர்கள் யார்? எனக்குக் கோபம் அதில்தான்.

சிங்கை_பாலா

முதலில் நான் எழுதியது அவசரப்பட்டு எழுதியது, மன்னியுங்கள் அக்கா. சீஃப் ஆபிசர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போதெல்லாம் பாதுகாப்பு ஒத்திகை போனில் வீடியோ பார்ப்பதோடு முடிகிறது, பிறகு கூடுமிடத்துக்கு, அதாவது ஆபத்து வந்தால் பயணிகள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். வெயிலில் அரை மணி நேரம் நிற்க வேண்டியதில்லை. எனக்கு அது நல்ல மாற்றமாகத்தான் தெரிகிறது.

பழைய_சீஃப்_ஆபிசர்

வயதானவர்களை வெயிலில் நிறுத்தாதது நல்லதுதான் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடியோ ஓடும்போது பெட்டியைத் திறந்து துணி அடுக்குகிறவர்கள்தான் அதிகம். கூடுமிடம் எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, காலுக்குத் தெரிய வேண்டும்.

கோஸ்டா கன்கோர்டியாவை எல்லோரும் கேப்டன் செய்த தவறின் கதையாகவே பேசுகிறார்கள். நான் ஒத்திகைக் கதையாகப் பார்க்கிறேன். 2012 ஜனவரி 13, இத்தாலியில் ஜிலியோ தீவு. அன்று மாலை சிவிட்டவெக்கியாவில் ஏறிய சுமார் 700 பேருக்கு ஒத்திகையே நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி, மறுநாள் வைத்திருந்தார்கள். இரவு 9:45க்குப் பாறையில் மோதியது. மின்சாரக் கோளாறு என்று பயணிகளுக்குச் சொன்னார்கள். கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்தது 10:54க்கு. ஒரு மணி நேரத்துக்கும் மேல்!

அந்த ஒரு மணி நேரத்தின் விலை என்ன தெரியுமா? உயிர்ப்படகை இறக்குகிற கருவிகள் 20 டிகிரி சாய்வு வரைக்கும் வேலை செய்யும்படி இருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டினால் உயர்ந்த பக்கத்துப் படகு கப்பலின் உடம்பிலேயே உரசி மாட்டிக்கொள்ளும், தாழ்ந்த பக்கத்துப் படகு கப்பலை விட்டு விலகித் தொங்கும், ஏற முடியாது. படகு இருந்தும் இல்லாத மாதிரிதான். 4,200 பேருக்கு மேல் இருந்த கப்பலில் 32 பேர் இறந்தார்கள். கடைசியாக உடல் கிடைத்தவர் நம் இந்தியப் பணியாளர் ஒருவர். இரண்டே முக்கால் வருஷத்துக்கு மேல் ஆனது, 2014 நவம்பரில்.

2015 முதல் விதி மாறியது. இப்போது கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும். 32 உயிர் கொடுத்து வாங்கிய அரை மணி நேரம் அது. அதை வீடியோவாக்கிவிட்டு மறந்துவிடக் கூடாது.

மீனலோசனி

கொரியாவின் சேவோல் கப்பலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2014 ஏப்ரல் 16. இறந்த 304 பேரில் பெரும்பாலானவர்கள் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். கப்பல் சாய்ந்துகொண்டே போனபோது "இருந்த இடத்திலேயே இருங்கள்" என்று திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். இதை எழுதும்போதே கண் கலங்குகிறது. ஐயா, அறிவிப்பை நம்புவதா வேண்டாமா? எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய_சீஃப்_ஆபிசர்

அம்மா, இதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. பெரும்பாலான நேரம் அறிவிப்பு சரியாகத்தான் இருக்கும், கூட்டம் கண்டபடி ஓடினால் அதிலேயே மிதிபட்டுப் போவார்கள். ஆனால் கப்பல் சாய்ந்தபடியே நிற்கிறது, நேரம் போகப் போகச் சாய்வு கூடுகிறது என்றால் அறையில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துப் பாருங்கள், கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். கூடினால் சூடான உடுப்பு, லைஃப் ஜாக்கெட், மருந்துப் பை எடுத்துக்கொண்டு கூடுமிடத்துக்குப் போய்விடுங்கள். லிஃப்டில் போக வேண்டாம். ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல் என்ற அவசர எச்சரிக்கை கேட்டால் யோசிக்கவே வேண்டாம், கூடுமிடத்துக்குப் போய்விடுங்கள்.

திடீரென்று சாய்ந்து நிமிர்கிற வகைக்கு வேறு வழி. அந்த நொடியில் நிற்கக் கூடாது, ஓடவும் கூடாது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். சுவரில் பதித்த கைப்பிடியைப் பிடிக்கலாம், மேசையை நம்பக் கூடாது. பஃபேயில் கொதிக்கிற சூப், பியானோ, தள்ளுவண்டி இவற்றின் பக்கத்தில் உட்காரவே வேண்டாம். கனமான கதவின் விளிம்பில் விரலை வைக்கக் கூடாது, சாய்ந்தால் கதவு கத்தி மாதிரி மூடும். ஒரு தடவை நிமிர்ந்ததும் எழுந்துவிடாதீர்கள், எதிர்ப்பக்கமும் ஒரு தடவை போய்த்தான் கப்பல் அடங்கும்.

அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் எடுங்கள். சாய்கிற கோணம் எல்லாத் தளத்திலும் ஒன்றுதான், ஆனால் பதினாலாம் தளத்தில் தள்ளுகிற வேகம் அதிகம். அம்மா உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

கல்யாணி_நியூஜெர்சி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவும் அப்பாவும் சமையலறையில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு கைதான், அதனால் அப்பா தூக்கினார். தரையெல்லாம் தண்ணீர்.

அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் முன்பணம் கட்டிய கப்பலின் தள வரைபடத்தைத் தங்கையிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். நாலாம் தளத்தில் நடுவில் ஒரு அறை இருக்கிறதாம், அங்கிருந்து கூடுமிடத்துக்கு ஒரே ஒரு மாடிப்படி. இன்னொன்றும் கேட்கச் சொன்னார்: சாப்பாட்டுக் கூடத்து நாற்காலி தரையோடு பிடித்ததா, சும்மா போட்டதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பழைய_சீஃப்_ஆபிசர்

நாற்காலி பெரும்பாலும் சும்மா போட்டதுதான். மேசை பிடித்ததாக இருக்கும். சுவரோடு சேர்த்துப் போட்ட நீள சோபா இருக்கிறதா என்று பார்த்து, அதில் சுவருக்கு முதுகு கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். ஜன்னல் ஓரம் வேண்டாம்.